பால் என்று எழுதிய சீட்டு

நடுவர் தொப்பிக்குள் கையை விட்டு மடித்த சீட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். என் கையெழுத்துதான். மேலே தமிழில் ‘பால்’. கீழே அதற்கான பிரெஞ்சுச் சொல், ‘லே’.

ஒலிபெருக்கியில் இரண்டு மொழியிலும் வாசித்தேன். முற்றம் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ, “டிக்காஷன் எங்கங்க?” என்று கத்தினார்கள்.

மேடையின் இடப்பக்கம் நின்றிருந்த என் தங்கை ரெஜினா சிரிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஏதோ ஒன்று அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

அந்தச் சீட்டு தொப்பிக்குள் இருந்திருக்கவே கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இருபது விநாடி யோசனை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மகளின் முதல் காய்ச்சலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “எப்போதும் இப்படித்தான் பயந்துகொண்டே இருப்பீர்களா?” என்று கேட்டிருந்தார். ஆமாம் என்பதுதான் பதில். அந்தப் பயத்தோடு நான் ஒரு ஹிப் ஹாப் மேடையில் ஏறி நின்ற கதை இது. அப்போது மகளுக்கு ஏழு மாதம்.

ஹிப் ஹாப் என்றால் என்னவென்று எனக்கும் சரியாகத் தெரியாது. தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு மாதிரி இழுத்துப் பாடுவதில்லை, தாளத்துக்குள் வேகவேகமாகப் பேசுவது. ஒருவர் பேச, இன்னொருவர் வாயாலேயே தாளம் போட, மற்ற இருவர் ஆடுவார்கள். நான்கு பேர் ஒரு அணி.

போட்டியில் எதையும் ஒத்திகை பார்த்துவிட்டு வர முடியாது. தொப்பியிலிருந்து தலைப்பு எடுப்பார்கள். யோசிக்க இருபது விநாடி. பிறகு இரண்டு நிமிடம் அங்கேயே கட்டிப் பாடி ஆட வேண்டும். பார்க்க வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை இருக்கும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எந்த அணி பிடித்ததோ அந்த நிறத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். எண்ணிப் பார்த்து அந்தச் சுற்றுக்கு வெற்றி சொல்வார்கள். மொத்தம் ஏழு சுற்று.

ஒரு பிரெஞ்சு–தமிழ் நட்புச் சங்கம், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் இதை நடத்தியது. மஞ்சள் அணி ரெஜினாவுடையது. குருசுக்குப்பத்தில் மொட்டை மாடி ஒன்றில் பயிற்சி செய்கிறவர்கள். நீல அணி, பாரிஸ் பக்கத்திலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த பையன்கள். ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளைகள் என்று ஊரில் சொல்வார்கள். தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார்.

பார்வையாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, பாதிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால்தான் நான். தலைப்புகளைச் சீட்டில் இரு மொழியிலும் எழுத வேண்டும், மேடையில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் முடித்ததும், முப்பது விநாடிக்குள் சாரத்தை மற்ற மொழியில் சொல்ல வேண்டும். ஓட்டெடுப்பு அதற்குப் பிறகுதான்.

அப்பா போட்ட நிபந்தனை

என் அப்பா நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெஜினா மொட்டை மாடியில் போய் ‘கத்துவது’ அவருக்குப் பிடிக்கவில்லை. பி.காம். முடித்த பெண், மூன்று பையன்களோடு, தொளதொள பேன்ட். பூசை முடிந்து கோயில் வாசலில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்களாம்.

வெற்றி பெறும் அணிக்கு, பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி விழாவில் கடற்கரைச் சாலை மேடையில் அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஜெயிச்சு பீச் மேடையில ஏறினின்னா நானே முன்னால வந்து உக்காருறேன். இல்லன்னா இதோட விட்டுடணும். சரியா?”

“சரிப்பா” என்றாள் ரெஜினா. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் போனது. தங்கை போட்டியிடும் மேடைக்கு அக்கா சீட்டு எழுதுவது சரியா? ஏற்பாட்டாளர் மதாம் ஒதேத்திடம் நேரிலேயே கேட்டேன். ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை, எனக்கும் சொல்லிக்கொடுத்தவர்.

“ஃபிலோ, இந்த ஊர்ல யாருக்கு யார் சொந்தமில்ல? நீ எழுதாட்டி என் தம்பி மவதான் எழுதணும். அவ புருஷனும் போட்டியில ஆடுறான். நீயே எழுது.”

எழுதினேன். தலைப்புகள் இருந்த தாளை மகளின் தடுப்பூசி அட்டைக்குள் மறைத்து வைத்தேன். ரெஜினா இரண்டு முறை, “ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. முதல் எழுத்து மட்டும்” என்று கெஞ்சினாள். சொல்லவில்லை.

மேர் என்றால் எது?

அந்தத் தலைப்புகள் எனக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

வீட்டிலிருந்தபடி நான் செய்யும் வேலை மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களின் பத்திரங்கள். ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறினால் கோப்பு திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு தாளையும் மூன்று முறை சரிபார்ப்பேன். தபாலில் சேர்த்த பிறகு நகலை எடுத்து நான்காவது முறையும்.

மதாம் தொலைபேசியில் தலைப்புகளைச் சொன்னபோது மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் அவள் தலை, தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவர், வலது கையில் பேனா. பிரெஞ்சு எழுத்துகளில் எழுதினால் மேலே கீழே கோடுகள், குறிகள் எல்லாம் போட வேண்டும். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால் மதாம் சொன்ன பிரெஞ்சுச் சொற்களை வேகமாகத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவள் தூங்கியதும் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். ‘மேர்’ என்ற இடத்தில் நின்றேன். பிரெஞ்சில் அது கடலாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், மேயராகவும் இருக்கலாம். காதுக்கு மூன்றும் ஒன்றுதான். உடனே மதாமுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “கடல்தாண்டி” என்றார். என் கவனத்தை நினைத்து எனக்கே திருப்தி.

பட்டியலில் ‘மேர்’-க்கு நான்கு வரி கீழே ‘பால்’ என்று இருந்தது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மதாம் இடையில் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பால் என்று எழுதி, கீழே பிரெஞ்சில் பாலுக்கு உரிய சொல்லையும் அழகாக எழுதி மடித்தேன்.

டார்ச் அடிக்கும் கண்

மேடைக்கு வருகிறேன். ஆறு சுற்று முடிந்து மூன்றுக்கு மூன்று. கடைசிச் சீட்டுதான் ‘பால்’.

நீல அணி முதலில் வந்தது. அதன் தலைவன் சிரில், இருபத்திரண்டு வயது இருக்கும். அடுக்குமாடி வீட்டில் அட்டைப்பெட்டிப் பாலைக் குடித்து வளர்ந்ததைப் பற்றிப் பிரெஞ்சில் பேசினான். மோசமில்லை. நடுவில் ஒருமுறை தடுமாறினான்.

பிறகு மஞ்சள். ரெஜினாவின் அணியில் வாய்த்தாளம் போடுகிறவன் பாபு. பகலில் அச்சகத்தில் வேலை. அவன் சைக்கிள் மணியையும் தூக்குப்பாத்திர மூடி ஆடும் சத்தத்தையும் வாயில் கொண்டுவந்தான். அதன் மேல் ரெஜினா ஏறினாள்.

“பாக்கெட்டுப் பால்ல தண்ணி, தண்ணி லாரியில மண்ணு,
பாத்துப் பாத்து ஊத்துறா எங்கம்மா, பத்துப் பேருக்கு ஒண்ணு,
டீக்குள்ள பாலத் தேடி டார்ச்சடிக்குது கண்ணு!”

ஆடுகிற இருவரும் கையில் இல்லாத டார்ச்சை அடித்துக்கொண்டு பார்வையாளர்களின் மடியிலும் காலடியிலும் தேடினார்கள். நான் மொழிபெயர்த்ததும் பிரெஞ்சுக்காரர்களும் கைதட்டினார்கள். அட்டைகள் எழுந்தபோது முற்றம் மஞ்சளாக இருந்தது. எண்ணவே தேவையில்லை.

பாபு ரெஜினாவைத் தூக்கிச் சுற்றினான். கடற்கரை மேடை அவர்களுக்குத்தான். அப்பா முன்வரிசையில் உட்கார வேண்டும்.

பட்டியலில் இல்லாத சொல்

நடுவர் ழூலியன், கோடு போட்ட சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு பிரெஞ்சு இளைஞர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மதாமின் கையில் இருந்த மூலப் பட்டியலில் அந்தத் தலைப்பை அடிப்பார். இந்த முறை பேனாவோடு நின்றுவிட்டார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். பால் அதில் இல்லை.

சிரில் எட்டிப் பார்த்தான். அவன் தமிழ் கொஞ்சம் பழைய தமிழ், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தது.

“லிஸ்த்துல இல்லாதது தொப்பிக்குள்ள எப்படி வந்துது? சீட்டு யார் எழுதினது?”

“இந்த அக்காதான்” என்றான் பாபு, என்னைக் காட்டி.

“இவங்க யாரு?”

“ரெஜியோட அக்கா!” என்று பெருமையாகச் சொன்னான் பாபு. சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் மாறியது.

“அக்கா எழுதி தங்கச்சி பாடுது. நல்ல குடும்பம்யா!” கூட்டத்தில் ஒரு குரல். இரண்டு மூன்று பேர் ‘ஊ’ என்றார்கள்.

ரெஜினா மேடை விளிம்புக்கு வந்துவிட்டாள். “யாருய்யா அது? எங்கக்கா புள்ளைக்கு ஒரு சங்கு மருந்து குடுக்கவே நாலு பேர கேக்கும். அது கள்ளச்சீட்டு போடுமா? எழுந்து நின்னு சொல்லு!”

கைப்பையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. கணவரோடு ஒரு ஏற்பாடு: ஒரு மிஸ்டு கால் என்றால் குழந்தை தூங்குகிறது, இரண்டு என்றால் அழுகிறது, வா. ஒன்று வந்தது. இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

அப்போது மதாம் எழுந்தார்.

“நான்தான் போன்ல மாத்திச் சொல்லியிருப்பேன். எழுபத்தி மூணு ஆவுது. எனக்கு எதுதான் ஞாபகத்துல நிக்குது? அந்தப் பொண்ண விடுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். ழூலியன் தலையசைத்தார். சிரில்கூடத் தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினான். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். முடிந்துவிடும்.

நான் மூலப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கடலுக்கு நான்கு வரி கீழே மதாமின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த சொல்லை மனத்துக்குள் உச்சரித்தேன். பால். ஜோடி ஜோடியாக ஆடும் நடன விருந்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஜூலை பதினான்காம் தேதி மாலைகளில் இந்த ஊரில் ஒரு காலத்தில் நடந்துவந்தது.

உண்மையில் அந்தச் சொல்லில் அகரம் குறில். தமிழில் எழுதினால் ‘பல்’ என்றுதான் வரும். அப்படி எழுதினால் பிறகு படிக்கும்போது வாயிலுள்ள பல் என்று நினைத்துவிடுவேனே என்று, ஜாக்கிரதையாக ஒரு கால் சேர்த்து எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் அந்த ஜாக்கிரதை எனக்கே மறந்துவிட்டது.

கைப்பையைத் திறந்தேன். மாற்றுத் துணி, தடுப்பூசி அட்டை, அதற்குள் அந்தத் தாள். எடுத்து ழூலியனிடம் கொடுத்தேன். மைக் என் கையிலேயே இருந்தது.

“மதாம் சரியாத்தான் சொன்னாங்க. டான்ஸ் பால். நான்தான் தமிழ்ல எழுதிட்டு, குடிக்கிற பால்னு படிச்சிட்டேன். பல்லுன்னு ஆயிடக் கூடாதுன்னு கால் போட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“கால் போட்டு கால வாரிட்டாங்கப்பா!” பின்வரிசைக் குரல். முற்றமே சிரித்தது. பிரெஞ்சில் நான் சொல்லி முடித்ததும் இரண்டாவது முறை சிரித்தது.

சிரிக்காதது ரெஜினா மட்டும். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“மதாமே ஒத்துக்கிச்சுல்ல? நீ ஏன்கா வாயத் தொறந்த?”

ழூலியன் விசில் ஊதினார். சுற்று செல்லாது. சரியான தலைப்பில் மறுபடி.

பாப்பா, பாப்பா

நீல அணிக்கு அந்த நடனம் தெரியும். சிரில் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய சொல்தாவின் கையைப் பிடித்து எழுப்பினான். அவர் கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தாளத்துக்குள் இரண்டு சுற்று சுற்றினார். சிரில் அவர் காலடிக்கு ஏற்ப வரி கட்டினான். முற்றம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன், கையில் மைக் இல்லையென்றால்.

பிறகு ரெஜினா. இருபது விநாடியும் அவள் அணியோடு பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடுகிற இருவரும் ஒருவரை ஒருவர் இடுப்பில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரை மாதிரி விறைப்பாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். பாபு மூன்று அடித் தாளம் போட்டான்.

“எங்கக்கா ரொம்பப் படிச்சவ, எழுத்தெழுத்தாப் பாப்பா,
கேஸ மூடிட்டு மூணு வாட்டி திரும்பி வந்து பாப்பா,
தூங்குற புள்ளய மூச்சிருக்கான்னு எழுப்பி எழுப்பிப் பாப்பா,
பால்னு டான்ஸு வாசல்ல நின்னா… பசிக்குதாடி பாப்பா?”

தமிழ் தெரிந்த பாதி முற்றம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தெரியாத பாதி, பாப்பா என்றால் அவர்கள் மொழியில் அப்பா என்பதால், ஏதோ தகப்பனைப் பற்றிய பாட்டு என்று நினைத்துத் தாங்களும் ‘பாப்பா’ என்று சேர்ந்து கத்தினார்கள்.

என்னைத்தான் கிழிக்கிறாள். அதை நானேதான் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் முடியப் போகும்போது அவள் பாபுவைக் கையால் நிறுத்தினாள். தாளம் இல்லாமல் கடைசி இரண்டு வரியைச் சொன்னாள்.

“ஒரு பொய் போதும், ஜெயிச்சிருப்போம், சொல்லலியே அவ வாயி,
இந்த வாய நம்பி வளருது பாரு எங்க வீட்டுக் குட்டிப் பேயி!”

விசில். என் முப்பது விநாடி ஆரம்பித்தது.

பாப்பாவுக்கு விளக்கம் சொன்னேன். கேஸ் அடுப்பைச் சொன்னேன். குழந்தையை எழுப்பிப் பார்ப்பதை, குறைக்காமல், பிரெஞ்சில் ஒலிபெருக்கியில் சொன்னேன். சிரித்தார்கள். கடைசி இரண்டு வரிக்கு வந்தேன். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ‘மெர்சி’ என்று மட்டும் சொல்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

அட்டைகள் எழுந்தன. இந்த முறை எண்ண வேண்டியிருந்தது, இரண்டு தடவை. நான்கு அட்டை வித்தியாசத்தில் நீலம்.

எட்டு விநாடி

அப்பா வீட்டில் இறக்கிவிடப் போனபோது, ஸ்கூட்டரில் ரெஜினா பின்னால் உட்கார்ந்து வந்தாள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வந்ததும் கேட்டாள்.

“கடைசி வரிய ஏன்கா சொல்லல?”

“நேரம் முடிஞ்சிடுச்சு.”

“எட்டு செகண்டு இருந்துச்சு. ழூலியன் கை வாட்சுல பாத்தேன்.”

நேரம் முடிந்தது என்றதுதான் அன்று மாலை முழுவதும் நான் சொன்ன ஒரே பொய்யாக இருக்கும்.

அப்பா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டார். இருந்தும் கேட்டார்.

“தோத்துட்டோம்பா” என்றாள் ரெஜினா. என் தவறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செருப்பு வைக்கும் இடத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உடனே என் வீட்டுக்கு, குழந்தையிடம் போக வேண்டும் என்று இருந்தது. போகாமல் அப்பா எதிரில் உட்கார்ந்தேன். சீட்டைச் சொன்னேன், காலைச் சொன்னேன், மதாம் எழுந்ததைச் சொன்னேன். “அவ தோக்கலப்பா. நான்தான்” என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “அவ என்னாதான் பாடினா? சொல்லு பாப்போம்.”

சொன்னேன். எனக்குத் தாளம் வராது, பாடம் ஒப்பிப்பது மாதிரிதான் சொன்னேன். மூணு வாட்டி திரும்பி வந்து பார்ப்பது வந்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். கடைசி இரண்டு வரியையும் இந்த முறை சொன்னேன்.

“இத அங்க பிரெஞ்சுல சொன்னியா?”

“இல்லப்பா.”

“ஏன்?”

நான் யோசிப்பதற்குள் உள்ளிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

“சொல்லியிருந்தா அஞ்சு அட்டை கூட வந்திருக்கும்!”

வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அந்த இரண்டு வரியைப் பிரெஞ்சில் ஆக்கிப் பார்க்கிறேன். குட்டிப் பேய்க்கு ஏற்ற சொல் கிடைப்பதில்லை.

நிபந்தனையைப் பற்றி அப்பா அன்று பேசவில்லை. ரெஜினாவும் கேட்கவில்லை. நான் இடையில் புகுந்து இன்னும் ஏதாவது கெடுத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குழந்தையோடு அப்பா வீட்டில்தான் இருந்தேன். மொட்டை மாடிப் பயிற்சி நேரமான ஐந்து மணிக்கு ரெஜினா வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். ஒரு முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை.

“ஏழரைக்குள்ள வந்துடு” என்றார்.